மெதுவான பிரதியுத்தரம்: பேசாமல் இருந்துவிடுவது அதில் சேருமா?

18 பிப்ரவரி 2024 (ஒரு வாசகரின் கேள்வி)

வேதாகமத்தில் நீதிமொழிகள் 15:1 "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" என்கிறது. எங்கள் வீட்டில் யார் கோபப்பட்டாலும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. எழுந்து மாடிக்குப் போய்விடுவேன். அப்படியும் அவர்கள் கோபம் தணிவதில்லை, கூடத்தான் செய்கிறது. வசனத்தை நான் தவறாக விளங்கிக்கொண்டேனா, அல்லது என் வீட்டாருக்கு அது பொருந்தாதா?

18 பிப்ரவரி, இரவு

வசனம் பிரதியுத்தரத்தைப் பற்றிப் பேசுகிறது. பிரதியுத்தரம் என்றால் மறுமொழி. மாடிக்குப் போவது மறுமொழி ஆகாது. கோபத்தோடு பேசுகிறவருக்கு முதலில் வேண்டியிருப்பது, தாம் சொன்னது எதிராளியின் காதில் விழுந்தது என்கிற உறுதி. அது கிடைக்காதபோது அவர் அதையே இன்னும் உரக்கச் சொல்லுகிறார். நீங்கள் படியேறுகிற ஓசை, 'உன்னோடு பேச எனக்கு ஒன்றுமில்லை' என்பதாகவே அவருக்குக் கேட்கும்.

உங்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. என் அண்ணனிடத்தில் மூன்று வருடம் நானும் இப்படித்தான் வாய் திறவாமல் இருந்தேன். அதற்குச் சாந்தம் என்று பெயரும் வைத்துக்கொண்டேன். அதை எழுத இன்றைக்கு மனம் வரவில்லை.

19 பிப்ரவரி

'மெதுவான' என்கிற சொல்லைப் பற்றி.

ஓய்வுநாள் பள்ளியில் இந்த வசனத்தை மனப்பாடம் பண்ணியபோது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். மெதுவாகப் போ, மெதுவாகப் பேசு என்கிற இரண்டு அர்த்தந்தான் அப்போது எங்களுக்குத் தெரியும். ஆகையால் கோபக்காரனுக்குத் தாமதித்து, தாழ்ந்த குரலில் பதில் சொல்லவேண்டும் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தேன். தாழ்ந்த குரலில் எவ்வளவு கொடிய வார்த்தையையும் சொல்லிவிட முடியும் என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. மெதுவடை என்று சொல்லும்போது அந்த 'மெது' வேகத்தையும் குறிப்பதில்லை, ஓசையையும் குறிப்பதில்லை. விரல் பட்டால் உள்ளே வாங்கிக்கொடுக்கிற மென்மையைக் குறிக்கிறது. வசனத்தில் இருப்பதும் அந்த மெதுதான். வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் 'கனிவான மறுமொழி' என்று இருப்பதைப் பார்த்தபோது எனக்கு மிகவும் சந்தோஷமாயிருந்தது.

மூலமொழியாகிய எபிரெயத்தில் அங்கே நிற்கிற சொல் 'ராக்'. ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தில், வந்த மூன்று விருந்தாளிகளுக்காக ஆபிரகாம் மந்தைக்கு ஓடிப் பிடித்துவருகிற இளங்கன்றுக்கும் அதே சொல். 33ஆம் அதிகாரத்தில் யாக்கோபு ஏசாவிடம் 'பிள்ளைகள் இளம் பிள்ளைகள்' என்று சொல்லுகிற இடத்திலும் அதே சொல். இருபது வருடத்துக்கு முன்னே தன்னைக் கொல்லக் கறுவிக்கொண்டிருந்த அண்ணனுக்கு முன்பாக நின்றுகொண்டுதான் யாக்கோபு அதைச் சொல்லுகிறான். வசனத்தின் மறுபாதியில் கடுஞ்சொல் என்று நாம் வாசிப்பது 'எட்செவ்', அதாவது நோவு. 'வேதனையோடே பிள்ளை பெறுவாய்' என்று ஏவாளுக்குச் சொல்லப்பட்ட அந்த வேதனைதான் இந்தச் சொல். ஆகவே கடுஞ்சொல் என்பது சத்தமான சொல் என்பதைக்காட்டிலும், நோகப்பண்ணுகிற சொல் என்பதே சரி.

இன்னொன்று. கோபத்துக்கு எபிரெயத்தில் வழங்குகிற 'அஃப்' என்பதற்கு மூக்கு என்றும் அர்த்தம். 'நீடிய சாந்தம்' என்று நம் வேதாகமத்தில் இருப்பதை எழுத்தெழுத்தாகச் சொன்னால் 'மூக்கு நீண்டவர்' என்று வரும். அவனுக்கு மூக்கின்மேல் கோபம் என்று நாமும்தானே சொல்லுகிறோம். மூக்கு நீளமானால் கோபம் அதன் நுனிக்கு வந்துசேர நேரமாகும் என்று என் மாணவர்களுக்குச் சொல்லுவேன். அவர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் மறக்கமாட்டார்கள்.

23 பிப்ரவரி

"மெதுவாகப் பதில் சொல்லி யாருடைய கோபமாவது நிஜமாக மாறினதுண்டா, வேதத்திலேயே ஒரு இடம் காட்டுங்கள்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் நியாயாதிபதிகள் 8ஆம் அதிகாரத்தின் முதல் மூன்று வசனங்கள்.

இஸ்ரவேலரை நடத்தின கிதியோன் முந்நூறு பேரை வைத்து மீதியானியரை முறியடித்திருக்கிறான். எப்பிராயீமர் பெரிய கோத்திரம். அவர்கள் வந்து, யுத்தத்துக்குப் போகும்போது எங்களை ஏன் கூப்பிடவில்லை என்று பலமாய்ச் சண்டை பிடிக்கிறார்கள். அழைக்காததற்குக் கிதியோனிடம் காரணம் இருந்தது. 32,000 பேராக இருந்த கூட்டத்தை முந்நூறாகக் குறைக்கச் சொன்னவர் கர்த்தரே. அதை அவன் எடுத்துச் சொல்லவேயில்லை. 'உங்களைப்பார்க்கிலும் நான் என்ன செய்துவிட்டேன்? அபியேஸ்ரியரின் திராட்சப்பழத்தின் முழு அறுப்பைப்பார்க்கிலும் எப்பிராயீமரின் மீதியான அறுப்பு அதிகம் அல்லவா?' என்று கேட்கிறான். அபியேஸ்ரியர் அவனுடைய சொந்த வம்சத்தார். மீதியானியரின் பிரபுக்களான ஓரேபும் சேபும் உங்கள் கையில் அல்லவா பிடிபட்டார்கள் என்கிறான். அவர்கள் கோபம் ஆறிப்போகிறது.

இதில் முகஸ்துதி இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எப்பிராயீமர் மெய்யாகவே அந்த இரண்டு பேரையும் பிடித்தார்கள். அவர்கள் செய்த உண்மையான வேலையை அவர்களுக்கு முன்பாக எடுத்து வைத்தான். தன் நியாயத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

இதே எப்பிராயீமர் நான்கு அதிகாரம் கழித்து பிற்காலத்து நியாயாதிபதியான யெப்தாவிடம் இதே குற்றச்சாட்டோடு வருகிறார்கள். அவன் பதில் வேறு விதமாயிருந்தது. தப்பியோடுகிற எப்பிராயீமரை அடையாளம் காண, யோர்தான் ஆற்றின் துறைகளில் 'ஷிபோலேத்' என்று சொல்லச்சொல்லி, 'சிபோலேத்' என்று உச்சரித்த 42,000 பேரை வெட்டினார்கள்.

25 பிப்ரவரி

மேலே எழுதியதில் இரண்டு திருத்தம்.

42,000 என்பது துறைகளில் மட்டும் விழுந்தவர்கள் என்று வேதம் சொல்லவில்லை. அக்காலத்திலே எப்பிராயீமில் விழுந்தவர்களின் மொத்தத் தொகையாக அது சொல்லப்பட்டிருக்கிறது. நான் அவசரப்பட்டுச் சேர்த்து எழுதிவிட்டேன்.

யெப்தாவைக் குறித்தும் நான் நியாயமாய் எழுதவில்லை. கிதியோனிடம் எப்பிராயீமர் வாக்குவாதம் மட்டுமே பண்ணினார்கள். யெப்தாவிடம், உன்னையும் உன் வீட்டையும் அக்கினியால் சுட்டுப்போடுவோம் என்று வந்தார்கள். அவன் சொன்ன பதிலில் பொய்யான வார்த்தை ஒன்றும் இல்லை: நான் கூப்பிட்டேன், நீங்கள் வரவில்லை, என் ஜீவனை என் கையிலே பிடித்துக்கொண்டு போனேன். அத்தனையும் சரி. அதற்கு முந்தின அதிகாரத்தின் முடிவில்தான் அவன் தன் ஒரே மகளைத் தன் பொருத்தனையால், அதாவது நேர்ச்சையால், இழந்திருக்கிறான் என்பதையும் சேர்த்து வாசிக்கவேண்டும். துக்கத்தில் இருக்கிறவனிடம் மென்மை குறைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். என் அண்ணனும் அப்போது துக்கத்தில்தான் இருந்தார்.

28 பிப்ரவரி

அதிகாரத்தில் இருப்பவன் மெதுவாகப் பேசினால் ஏறி மிதித்துவிடுவார்கள் என்று எழுதியவருக்கு: 1 இராஜாக்கள் 12ஐ வாசியுங்கள். நுகத்தை லகுவாக்கும் என்று கேட்டுவந்த ஜனங்களுக்கு, நல்வார்த்தையாய் மறுமொழி சொல்லும் என்று முதியோர் புதிதாய் ராஜாவாகிய ரெகொபெயாமுக்கு ஆலோசனை சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபர், 'என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைப்பார்க்கிலும் பருமனாயிருக்கும்' என்று சொல்லச் சொன்னார்கள். யோசிக்க மூன்று நாள் தவணையும் இருந்தது. மூன்றாம் நாளில் அவன் கடினமான உத்தரவு கொடுத்தான், பத்துக் கோத்திரங்கள் போயின. நீதிமொழிகளின் முகப்பில் பேர் பொறிக்கப்பட்ட சாலொமோனின் மகன் அவன்.

2 மார்ச்

நான் தமிழாசிரியராக வேலை பார்த்த காலத்தில் நடந்தது ஒன்று.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை, வீட்டுப்பாடம் எழுதாததற்காக நான் இரண்டு பாடவேளை வெளியே நிறுத்திவிட்டேன். மறுநாள் காலை, வழிபாட்டுக் கூட்டம் முடிகிற நேரத்தில், அவன் தகப்பனார் வந்தார். கொத்தனார், வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார். சட்டையின் மடித்த கையில் காய்ந்த சிமெண்டு ஒட்டியிருந்தது. சைக்கிள் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். பேசும்போது அந்தச் சாவி நடுங்கிக்கொண்டேயிருந்தது. அத்தனை பிள்ளைகள் முன்பாக, "என் மகன் என்ன களவாண்டானா? எங்களை மாதிரி ஆளுக்குப் பிள்ளை என்பதால்தானே வெளியே நிறுத்தினீர்?" என்று கத்தினார்.

என் வாயில் வந்து நின்ற பதில் சரியான பதில்தான். மற்ற மூன்று பையன்களையும் நிறுத்தினேன், சாதியும் தொழிலும் பார்த்து நான் நிறுத்தவில்லை, பள்ளிக்குள் இப்படிப் பேசக்கூடாது. ஒன்றுகூடப் பொய்யில்லை. அந்தச் சாவியைப் பார்த்ததனால் அவற்றைச் சொல்லாமல் விட்டேன் என்று நினைக்கிறேன். "எல்லோரும் பார்க்கும்படி அவனை நிறுத்தினேன், அது உங்களுக்கு எவ்வளவு அவமானமாயிருந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை, வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்" என்றேன். அவர் உட்காரவில்லை. ஆனால் குரல் பாதியாய் இறங்கிற்று. பையனுக்கு இரவில் எழுத விளக்கில்லை, மின் இணைப்பைத் துண்டித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்று சொன்னார். அந்தச் செய்தியைச் சொல்ல அவருக்கு வெட்கம். அந்த வெட்கந்தான் அவ்வளவு நேரமும் கோபமாக வந்துகொண்டிருந்தது.

என் நியாயங்களை நான் சொல்லியிருந்தால் அந்தப் பன்னிரண்டு நாளைப் பற்றி எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

3 மார்ச்

ஒரு சகோதரி எழுதியிருப்பதை வாசித்தேன். குடித்துவிட்டு வந்து அடிக்கிற கணவனுக்கு மெதுவான பிரதியுத்தரம் கொடுக்கும்படி, இந்த வசனத்தையே காட்டி, தனக்குப் பதினோரு வருடம் புத்தி சொன்னார்கள் என்கிறார். சகோதரி, உங்களுக்கு உடனே எதையாவது எழுதிவிட எனக்குத் துணிவில்லை. இரண்டு நாள் கொடுங்கள்.

5 மார்ச்

கொத்தனாரின் கதையை எழுதியபோது எனக்குத் தோன்றாத ஒன்றை அந்தச் சகோதரியின் கடிதம் காட்டியது. அந்தப் பள்ளி வாசலில் பலம் என் கையில் இருந்தது. அவர் கத்தினாரேயொழிய அவரால் என்னை ஒன்றும் செய்துவிட முடியாது. எனக்கு மென்மை எளிதாயிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அடிவாங்குகிறவரிடம் போய் அதே மென்மையைக் கேட்பது வசனத்தைப் புரட்டுவதாகும்.

நீதிமொழிகள் ஒரே வசனத்தோடு நின்றுவிடுகிற புத்தகம் அல்ல. 'கோபக்காரனுக்குத் தோழனாகாதே, உக்கிரமுள்ள மனுஷனோடே நடவாதே' என்று 22:24இல் இருக்கிறது. 19:19, கடுங்கோபியை ஒருதரம் தப்புவித்தால் திரும்பவும் தப்புவிக்கவேண்டியதாய் வரும் என்கிறது. அதாவது, அவனுடைய செய்கையின் பலனை அவனே சுமக்க விடு என்கிறது. உங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் இந்த இரண்டு வசனங்களையும் ஏன் வாசித்துக் காட்டவில்லை என்று எனக்கு மிகுந்த வேதனையாயிருக்கிறது.

தாவீதைப் பாருங்கள். ராஜாவாகிய சவுலுக்கு முன்பாக அவன் சுரமண்டலம் வாசித்தான். அதைவிட மெதுவான பிரதியுத்தரம் உலகத்தில் உண்டா? அதற்குப் பதிலாக ஈட்டி வந்தது. மறுபடியும் வாசித்தான், மறுபடியும் ஈட்டி வந்தது. அது சுவரில் பாய்ந்தது. அந்த இராத்திரியே தாவீது ஓடிப்போனான். வேதம் அவனை அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. பிற்பாடு அவன் சவுலோடு மிகுந்த தாழ்மையோடே பேசினதுண்டு. எங்கே நின்று பேசினான் என்பதுதான் காரியம். 1 சாமுவேல் 26இல் அவன் அப்புறமாய்க் கடந்துபோய், தூரத்திலிருக்கிற மலையின் உச்சியில், இருவருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்படி நின்றுகொண்டு கூப்பிடுகிறான். என் குமாரனே, திரும்பி வா என்று சவுல் அழைக்கிறான். தாவீது அவனிடம் போகவில்லை. சவுல் தூங்கும்போது எடுத்து வந்திருந்த அவனுடைய ஈட்டியைக்கூட, உம்முடைய வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான்.

முதலில் இடைவெளி, பிற்பாடுதான் மெதுவான சொல். உங்களுக்கு யாரும் அந்த இடைவெளியை உண்டாக்கித் தரவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், அடித்தவனை வீட்டிலிருந்து விலக்கி வைக்கக்கூட நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணைப் பெண்கள் எந்த நேரமும் அழைக்கலாம். இதை இன்று இதே நிலையில் இருக்கிற வேறு யாராவது வாசிக்கக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன்.

10 மார்ச்

அபிகாயிலைப் பற்றிப் பலர் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். 1 சாமுவேல் 25. அவள் கணவன் நாபாலுக்கு மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் இருந்தன. மயிர் கத்தரிக்கிற விருந்து நாளில் தாவீதின் வாலிபர் உணவு கேட்டு வந்தபோது, தாவீது என்பவன் யார் என்று கேட்டு அனுப்பிவிட்டான். தாவீது நானூறு பேரோடு பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டான். அபிகாயில் இருநூறு அப்பங்கள், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த பயறு, நூறு வற்றலான திராட்சக்குலைகள், இருநூறு அத்திப்பழ அடைகள் என்று கழுதைகள்மேல் ஏற்றி முன்னே அனுப்பிவிட்டு, பின்னே தானும் போனாள்.

அந்தப் பட்டியலை நான் முழுவதும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கோபத்தின் அடியில் பசி இருந்தது. அவளுடைய பேச்சை எல்லோரும் மெச்சுகிறோம். பேச்சுக்கு முன்னே அப்பம் போய்ச் சேர்ந்ததை மறந்துவிடுகிறோம். கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் நல்வார்த்தை மட்டும் சொல்லுகிறவருடைய மென்மை ஏமாற்று வேலை. நிலுவைச் சம்பளத்தைக் கேட்டு வருகிற தொழிலாளியிடம், கோபப்படாதே தம்பி என்று கனிவாகச் சொல்லி அனுப்புகிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

அபிகாயில் தன் கணவனிடம் அந்த இரவு ஒன்றும் சொல்லவில்லை, அவன் குடித்து வெறித்திருந்தான். பொழுது விடிந்து வெறி தெளிந்த பின்புதான் சொன்னாள். கேட்ட அன்றைக்கே அவன் இறந்துபோனான்.

12 மார்ச்

திருத்தம்: நாபால் அன்றைக்கே இறக்கவில்லை. அன்று அவன் இருதயம் அவனுக்குள்ளே செத்து, அவன் கல்லைப்போலானான். ஏறக்குறைய பத்து நாள் கழித்துத்தான் மரித்தான். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

17 மார்ச்

பிப்ரவரி 23 அன்று நான் கிதியோனைப் புகழ்ந்து எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அதே அதிகாரத்தில் மூன்றாம் வசனத்துக்கு மேலே நான் போகாமல் நிறுத்தியிருக்கிறேன். மேலே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாமலில்லை.

எப்பிராயீமரைச் சாந்தப்படுத்தின கையோடு கிதியோன் யோர்தானைக் கடந்து, விடாய்த்துப்போன தன் முந்நூறு பேருக்கு அப்பம் கொடுங்கள் என்று சுக்கோத்தாரிடம் கேட்கிறான். அவர்கள் மறுக்கிறார்கள். பெனூவேலாரும் மறுக்கிறார்கள். திரும்பி வரும்போது சுக்கோத்தின் மூப்பரை வனாந்தரத்து முள்ளுகளால் தண்டிக்கிறான். பெனூவேலின் கோபுரத்தை இடித்து, அந்த ஊர் மனுஷரைக் கொன்றுபோடுகிறான். பெரிய கோத்திரத்துக்குத் திராட்சப்பழ உவமை, சிறிய ஊர்களுக்கு முள்ளு.

வெகுளாமை அதிகாரத்தின் முதல் குறளை இத்தனை வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன்: 'செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்.' கோபம் பலிக்கிற இடத்தில் அதைக் காக்கிறவனே காக்கிறவன்; பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்டு முடிகிறது. கிதியோனின் அதிகாரத்தை இந்தக் குறளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு நிற்க இடமில்லாமல் போகிறது.

ஏனென்றால், கொத்தனாரோடு அவ்வளவு பொறுமையாய்ப் பேசின அதே நாள் மத்தியானம், பள்ளி அலுவலக உதவியாளர் வருகைப் பதிவேட்டை அரைமணி நேரம் பிந்திக் கொண்டுவந்தார் என்பதற்காக, அறையில் நான்கு ஆசிரியர்கள் இருக்கும்போதே அவரைப் பிடித்துக் கத்தினேன். அவர் என்னைவிட வயதில் மூத்தவர். "மன்னிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை மேசையில் வைத்து, அதன் ஓரத்தை நேராக்கிவிட்டுப் போனார். பிந்தினதற்குக் காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை. காலையில் ஒருவருக்குக் கொடுத்த காதை மத்தியானம் இவருக்கு நான் கொடுக்கவில்லை. அவர் ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார், இப்போது உயிரோடில்லை. மார்ச் 2 அன்று கதையை எழுதும்போது இந்தப் பாதியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.

29 மார்ச், பெரிய வெள்ளி

காலையில் ஆராதனையில் யோவான் 18ஐ வாசித்தார்கள். சேவகரில் ஒருவன் இயேசுவை ஒரு அறை அறைகிறான். நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால் தகாததை ஒப்புவி, தகுதியாய்ப் பேசினேனேயாகில் என்னை ஏன் அடிக்கிறாய் என்று அவர் கேட்கிறார். நாற்பது வருடமாகக் கேட்ட பகுதிதான். அது ஒரு கேள்வி என்பது இன்றைக்குத்தான் மனதில் தைத்தது. அடித்தவனைத் திட்டவும் இல்லை, அடித்தது சரி என்று விட்டுவிடவும் இல்லை. அவன் யோசித்துப் பதில் சொல்லும்படி அவனையும் ஒரு மனுஷனாக வைத்துப் பேசுகிறார்.

அப்போஸ்தலர் 23இல் பவுலுக்கும் இதே நிலைமை வருகிறது. வாயில் அடியுங்கள் என்று பிரதான ஆசாரியன் சொன்னவுடனே, 'வெள்ளையடிக்கப்பட்ட சுவரே, தேவன் உம்மை அடிப்பார்' என்று பவுல் சீறிவிடுகிறார். அடுத்த மூச்சிலேயே, இவர் பிரதான ஆசாரியர் என்று அறியாதிருந்தேன் என்று பின்வாங்கவும் செய்கிறார். பவுலின் இந்த இடம் எனக்கு ஆறுதலாயிருக்கிறது. சீறிவிட்ட பிறகும் திரும்பிக்கொள்ள இடம் உண்டு.

எழுந்து மாடிக்குப் போகிற சகோதரர், அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எழுதியிருக்கிறார். போன வாரம் அவர் மாடிக்குப் போகாமல் அங்கேயே நின்று, "நீ சொல்லுவது எனக்கு விளங்குகிறது, மேலே சொல்" என்று மனைவியிடம் சொன்னாராம். முதலில் கோபம் அதிகமாயிற்றாம், பன்னிரண்டு வருடத்துப் பாக்கியெல்லாம் வெளியே வந்ததாம். பயந்துவிட்டேன் என்கிறார். பயப்படாதீர்கள். அடைத்து வைத்த தண்ணீர் அப்படித்தான் வரும். வசனம் 'மாற்றும்' என்றுதான் சொல்லுகிறது. எத்தனை நாளில் என்று சொல்லவில்லை.

2 ஏப்ரல்

அண்ணனைப் பற்றி.

அம்மா கடைசி எட்டு மாதம் படுக்கையில் இருந்தது ஊரில், அண்ணன் வீட்டில். நான் பாளையங்கோட்டையில் இருந்தேன். ஒன்றரை மணி நேரப் பயணம். மாதாமாதம் பணம் அனுப்பினேன். போனது நான்கு தடவை. அடக்க ஆராதனை முடிந்து வந்தவர்கள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது, அண்ணன் எல்லோர் முன்பாகவும், "பணம் அனுப்பினா மகன் ஆயிருவியால?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருடம், கல்யாண வீடுகளில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. கோபப்பட்ட அண்ணனுக்கு நான் பொறுமையால் பதில் கொடுத்தேன் என்று சபையில் ஒருவர் என்னைப் பாராட்டியதும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

நேற்று, ஈஸ்டருக்கு மறுநாள், ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. நானாகவே திண்ணையில் உட்கார்ந்தேன். பேச்சு அதே இடத்தில்தான் ஆரம்பித்தது. மூன்று வருடத்தில் ஒரு வார்த்தைகூட மாறவில்லை. கால்மணி நேரம் பேசினார். நடுவில் இரண்டு இடத்தில் எனக்குப் பதில் இருந்தது: அந்த வருடம் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நான் அனுப்பின பணத்தில்தான் நீர்ப்படுக்கை வாங்கினார்கள். இரண்டையும் விழுங்கினேன். அவர் நிறுத்தினபோது, "அம்மாவைத் தூக்கிப் புரட்டிப் படுக்கவைத்தது நீங்கள், ராத்திரி விழித்தது நீங்கள். நான் வரவில்லை. வந்திருக்கலாம், வரவில்லை" என்றேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா" என்றார். குரலில் கோபம் போகவில்லை. "ஒரு வார்த்த பேசாம எந்திச்சுப் போனியே, அதத்தான் என்னால தாங்க முடியல" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற நாற்பது பக்க நோட்டு. அட்டையில் எண்ணெய்க் கறை. உள்ளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, மாத்திரை, நேரம் என்று அவருடைய சாய்ந்த எழுத்தில் எட்டு மாதமும் எழுதியிருந்தது. ஓரிடத்தில் இரவு 2.10 என்று போட்டு, மாத்திரைக்கான கட்டத்தில் ஒன்றும் எழுதாமல், 'தண்ணி கேட்டா, குடுத்தேன்' என்று மட்டும் இருந்தது. அதற்கு அடுத்த வரி 2.50, அதுவும் தண்ணீர்தான்.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் கீரையை ஆய்ந்து முடித்து, காம்புகளை அள்ளிக் கொட்டிவிட்டு வந்தார். "வீட்டுக்குக் கொண்டுபோய் வாசி. வாசிச்சிட்டு நீயே கொண்டாந்து குடு, யார்ட்டயும் குடுத்துவிடாத" என்றார்.

நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. பதினாறாம் பக்கம் வரைக்கும் வாசித்திருக்கிறேன்.